மொறுமொறுத்த வாழைப்பழம்

பிஸ்கட் தொழிற்சாலையில், அடுப்புக் கூடத்துக்கும் பேக்கிங் கூடத்துக்கும் நடுவே கண்ணாடி அடைத்த ஓர் அறை உண்டு. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி, மேசைக்கு அடியில் ஒரு நீல வாளி. அந்த வாளியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை; அங்கே பிஸ்கட்டை ருசி பார்த்துத் தேர்வு செய்யும் ருசியக்காவின் வாழ்க்கையில் பாதி அதற்குள்தான் போயிற்று. அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்து, மென்று, சரியா இல்லையா என்று முடிவு சொல்லிவிட்டு, மென்றதை வாளியில் துப்ப வேண்டும். விழுங்கினால் மத்தியானத்துக்குள் வயிறு ஊதி நாக்கு மரத்துவிடும். ஆகவே துப்பல். பொழுது சாய்வதற்குள் வாளியில் எச்சிலும் மாவும் சர்க்கரையும் கலந்து கூழாகி, மேலே ஆடை படிந்து, ஓரத்தில் ஈ வந்து உட்கார்ந்து, வெதுவெதுப்பாக ஒரு புளித்த வாடை கிளம்பும். அதை அவளே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். துப்புரவு ஆட்கள் அதைத் தொட மாட்டோம் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மூடி போட்ட வாளி ஒன்று வேண்டும் என்று அவள் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கேட்டாள்.

"மூடிய திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தா வேலை எப்ப நடக்கறது?" என்றார் அவர். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்து, பாதியை வாயில் போட்டு, மீதியைத் தட்டிலேயே வைத்தார். பிறகு விரல் நுனிகளை ஒவ்வொன்றாக நக்கினார். அந்தப் பழக்கத்துக்காகவே பேக்கிங் பெண்கள் அவருக்கு 'நாக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நக்கிய விரலோடு அவர் அடுத்த தட்டையும் தொடுவார். ருசியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பேக்கிங்கில் நின்றவள், நமுத்துப்போன ஒரு பேட்சை அதிகாரிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்ததால் நாற்காலிக்கு வந்தாள். வந்த பிறகு தனக்கென்று ஒரு முறையைத் தானே வகுத்துக்கொண்டாள். காலையில், தகர டப்பாவில் மாதிரிக்கென்று மூடிவைத்த நல்ல பிஸ்கட் ஒன்றை இடப்பக்கம் மெல்லுவது. அந்த ஓசையை மனத்தில் இருத்திக்கொண்டு, அன்று வரும் பிஸ்கட்டை எல்லாம் வலப்பக்கம் மெல்லுவது. இரண்டு காதிலும் பஞ்சு. அடுப்பின் இரைச்சல் வெளியே நின்றுவிடும். பிஸ்கட் உடையும் ஓசை மட்டும் மண்டைக்குள்ளிருந்து கணீரென்று கேட்கும். பல்லின் உணர்வை அவள் நம்பமாட்டாள். பல் பழகிப்போகும், காது பழகாது என்பது அவள் கொள்கை. அவள் 'சரி' என்றால் பேட்ச் லாரியில் ஏறும், 'நமுத்துப்போச்சு' என்றால் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அவள் வாயிலிருந்து வந்த சொல்லை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அத்தனை அசிங்கத்துக்கு நடுவிலும் அந்த நாற்காலியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

வலக்காதுக்கு முன்னால், கன்னத்து எலும்பு முடியும் இடத்தில், ஒரு வலி வந்தது. கொட்டாவி விட்டால் குத்தியது, காலையில் எழுந்தால் தாடை கல்லாய் இறுகியிருந்தது. அவள் பல் டாக்டரிடம் போனாள்.

அந்த டாக்டர் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகி, யாரிடமோ கார் டயர் விலை விசாரித்துக்கொண்டே அவள் வாய்க்குள் கைவிட்டார். அவர் அணிந்திருந்த கையுறையில் முன்னே வந்துபோன வாயின் வாடை இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுதானா, உண்மையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது; நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

"கடைசிப் பல்லுக்கு முன்னால இருக்கு பாருங்க, அதான் வில்லன். எடுத்துட்டா நிம்மதி."

எடுத்தார். அதைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொத்தை இல்லை, ஓட்டை இல்லை, முத்துமாதிரி இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே டாக்டர்?"

"உள்ளுக்குள்ள இருந்திருக்கும்மா. அடுத்தவங்கள வரச்சொல்லு நர்ஸ்."

பல் போயிற்று, வலி போகவில்லை. பல்லை அவள் கழுவி ஒரு மருந்துக் குப்பியில் போட்டு வைத்தாள். மெல்லும் பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வலப்பக்கம்தான் மெல்ல வேண்டும் என்பது அவள் வகுத்த முறையாயிற்றே. பல் போன பள்ளத்தைத் தவிர்க்கத் தாடையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, ஓரமாக மென்றாள்.

அதன் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. பிஸ்கட்டெல்லாம் திடீரென்று அருமையாகிவிட்டன. எந்தத் தட்டை எடுத்தாலும் மண்டைக்குள் 'டக்' என்று துல்லியமாக ஓர் ஓசை. அடுப்புக்காரரை வலியப் போய்ப் பாராட்டிவிட்டுக்கூட வந்தாள். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தார்.

கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகள் திரும்பி வந்தபோது மழைக்காலம். கடைக்காரர்கள் ஒருவர் தவறாமல் பிஸ்கட் நமுத்திருக்கிறது என்ற ஒரே புகாரைத்தான் சொல்லியிருந்தார்கள். தர அதிகாரி அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். பேக்கிங் பெண்கள் நாலைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த அவளுடைய நாத்தனாரும் நின்றாள். மேசைமேல் திரும்பி வந்த பொட்டலம் பிரித்துக் கிடந்தது.

"மென்னு பாத்து சரின்னு சொன்னீங்களா, சும்மா பாத்துட்டே சொன்னீங்களா?"

"மென்னுதான் சார்."

"இப்ப மெல்லுங்க."

வழக்கப்படி பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு மென்றாள். டக். சந்தேகமே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு சார். மொறுமொறுன்னு இருக்கு."

அதிகாரி இன்னொரு பிஸ்கட்டை எடுத்து இரண்டு விரலால் வளைத்தார். அது பழைய செருப்புத் தோல்போல வளைந்தது, உடையவில்லை. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். உடனே எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தூங்கிக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான். போய் லேபிள் ஒட்டுங்க. அடுத்த மாசக் கடைசியில நானே ஒரு தடவை சோதிச்சுப் பாக்கறேன். தேறலேன்னா நாற்காலி வேற ஆளுக்கு." சொல்லிவிட்டு விரலை நக்கினார்.

அவர்கள் எல்லோரும் சேர்ந்து பிஸ்கட்டை மாற்றிவைத்து ஏமாற்றுகிறார்கள் என்றே அவள் நம்பினாள். தன் காதால் கேட்டதை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? வீட்டுக்கு வந்தும் பஞ்சை எடுக்கவில்லை. அவள் கணவர் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் லிப்ட் இயக்குபவர். நாளெல்லாம் வாய் திறவாமல் நிற்கும் மனிதர், வீட்டுக்கு வந்ததும் டீயை ஊரே கேட்கும்படி உறிஞ்சுவார். பஞ்சு இருந்தால் அந்தச் சத்தத்துக்கும் தப்பலாம். வலியில் வேறெதுவும் மெல்ல முடியாததால் நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கடித்தாள்.

டக்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் கடித்தாள். மறுபடியும் டக். கணீரென்று, துல்லியமாக, முதல்தர பிஸ்கட்டின் ஓசை. பஞ்சை எடுத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்தப் பழத்தக் கொஞ்சம் தின்னு பாருங்க. மொறுமொறுன்னா இருக்கு?"

அவர் தின்றார், அவளைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "கொழகொழன்னு இருக்கு. பழம் வேற எப்படி இருக்கும்? உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவள் வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். மஞ்சளும் எச்சிலுமாய் ஒரு கூழ். நீல வாளியைப் பார்த்தபோதெல்லாம் வந்த அருவருப்பு இப்போது தன்மேலேயே வந்தது. ஓசை பிஸ்கட்டிலிருந்து வரவில்லை, தன் தாடையிலிருந்து வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் செருப்புத் தோலையெல்லாம் 'சரி' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது என்பதுதான் எல்லாவற்றிலும் கசப்பாக இருந்தது. அவள் தூங்கினாள் என்று சொன்னதில் நியாயம் இல்லை. அந்த வித்தியாசத்தை அவள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுபவள் அவள். உள்ளே நடப்பது அத்தனையும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். ருசியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே வாழைப்பழக் கதையைச் சொன்னாள்.

"என் தோளுக்குப் பாத்தாங்களே அண்ணி, அந்த பிசியோதெரபிப் பொண்ணுகிட்ட போங்க."

"தோளுக்குப் பாக்கறவ தாடைக்கு என்ன பண்ணுவா?"

"மூட்டுன்னா எல்லாம் மூட்டுதான். உங்க தாடை என்ன ஆகாசத்துலயா தொங்குது?"

ருசியக்கா போனாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீண்ட அறை. ரப்பர் வாடை, ஸ்பிரிட் வாடை, சுவரில் முதுகெலும்புப் படம். கட்டில் விரிப்பில் கறை இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. மூலையில் காலால் மிதித்தால் திறக்கும் மூடி போட்ட குப்பைத் தொட்டி இருந்தது. அதைச் சற்று நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். தெரபிஸ்ட் பெண் ஒட்ட வெட்டிய நகங்களோடு, அவள் கண்ணெதிரே நிதானமாகக் கை கழுவி, புது உறையைப் பொட்டலத்திலிருந்து பிரித்து மாட்டினாள்.

"வாயை மெதுவாத் திறங்கம்மா. அங்கேயே நிறுத்துங்க. இப்ப மூடுங்க. கண்ணாடியில பாத்தீங்களா? நேரா இறங்காம வலப்பக்கம் ஒதுங்கிப் போயிட்டு வருது."

அவள் அதுவரை தன் வாய் திறப்பதைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை. கோணல் கதவைப்போல இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"இந்த மூட்டுல எலும்புக்கு நடுவுல சின்னதா ஒரு வட்டு இருக்கு, மெத்தை மாதிரி. உங்களுக்கு அது முன்னால நழுவியிருக்கும்போலத் தெரியுது. தாடை இறங்கறப்ப எலும்பு அதுமேல ஏறி உக்காருது. அந்தச் சத்தம்தான் டக்."

"அப்ப என் பல்லு?"

"நான் பல் டாக்டர் இல்ல, அதனால அதப்பத்திச் சொல்ல முடியாது. மூட்டு வலி பல்லு வலி மாதிரி தெரியறது உண்டு. அவ்வளவுதான் சொல்லலாம்."

"சத்தம் போயிடுமா?"

"முழுசாப் போகும்னு வாக்கு கொடுக்க மாட்டேன். சிலருக்குப் போகும், சிலருக்கு வலியில்லாத சத்தமா நின்னுடும். வலி குறையணும், வாய் நேராத் திறக்கணும், மெல்லறது லேசாகணும். அதுக்குத்தான் பாக்கப்போறோம். குறையலேன்னா இந்த மூட்டுக்குன்னு பாக்கற டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்."

வாக்கு கொடுக்காத ஒருவரைச் சந்தித்தது அவளுக்கு அபூர்வமாக இருந்தது. அந்த மரியாதை அடுத்த நிமிடமே போயிற்று. உறை மாட்டிய விரல் கன்னத்துக்கு உட்புறம் நுழைந்து, இறுகிப்போயிருந்த தசையைத் தேடிப் பிடித்து அமுக்கியது. ரப்பர் ருசி, எச்சில் ஒழுகல், அதற்குமேல் உயிர்போகும் வலி. குமட்டிக்கொண்டு வந்தது.

"துப்பணும்."

"தாராளமாத் துப்புங்க. அதுக்குத்தான் தொட்டி." மூடி திறந்தது, மூடிக்கொண்டது. வாடையே வரவில்லை.

தசை இளகிய பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "பகல்ல சும்மா இருக்கறப்ப மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கிட்டு இருக்குமா?"

"பல்லுன்னா தொட்டுக்கிட்டுத்தானே இருக்கும்?"

"கூடாதும்மா. மெல்லறப்ப, விழுங்கறப்ப தவிர மத்த நேரம் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கணும், பல்லு விலகியிருக்கணும், நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால அண்ணத்துல மெதுவா ஒட்டியிருக்கணும். எப்பல்லாம் கடிக்கறீங்கன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

அடுத்த முறை போனபோது ருசியக்கா பார்த்துவைத்ததைச் சொன்னாள். "எதைப் பாத்தாலும் கடிக்கறேன்."

"எதையெல்லாம்?"

"எங்க வீட்டுக்காரர் டீ குடிச்சா கடிக்கறேன். நாத்தனார் வாயைத் திறந்துகிட்டு மென்னா கடிக்கறேன். பஸ்ல எவனாவது மூக்கைக் குடைஞ்சா கடிக்கறேன். எங்க அதிகாரி விரலை நக்கினா பல்லு உடையற மாதிரி கடிக்கறேன். அவர் அந்தப் பக்கம் வராத நாள்லயும் வந்துடுவாரோன்னு கடிக்கறேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். "அப்ப உங்க தாடைக்கு வேலை நேரம் முடிஞ்சாலும் ஓவர்டைம் போலிருக்கு."

பயிற்சிகள் பார்ப்பதற்கு அற்பமானவை. நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது. அப்போது எலும்பு முன்னே நழுவாமல் இருந்த இடத்திலேயே சுழலும். ஒரு விரலைக் காதுக்கு முன்னால் மூட்டின்மேலும் இன்னொரு விரலை மோவாயிலும் வைத்து, கண்ணாடியில் பார்த்தபடி நேராக இறக்குவது. வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்துக்கொள்வது. வாளிக்கு மேல் குனிந்தே பழகி முன்னே நீண்டுவிட்ட கழுத்தைப் பின்னுக்கு இழுப்பது. கொட்டாவி வந்தால் முஷ்டியை மோவாய்க்கு முட்டுக் கொடுப்பது. எதை மென்றாலும் இரண்டு பக்கமும் மெல்லுவது. இந்தக் கடைசி விதிக்குத்தான் அவள் சண்டை போட்டாள்.

"அப்ப என் முறை என்னாகறது?"

"உங்க முறைதான் உங்கள இங்க கொண்டுவந்திருக்கு. மாதிரிய ரெண்டு பக்கமும் மெல்லுங்க, மத்ததையும் ரெண்டு பக்கமும் மெல்லுங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு என்ன குறைச்சல்?"

வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டாள். வலி ஒரே சீராகக் குறைந்ததென்று சொன்னால் பொய்யாகும். நடுவில் ஒருநாள் பஸ்ஸில் தன்னை மறந்து பெரிய கொட்டாவி ஒன்று விட்டு, இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தாள். லேபிள் ஒட்டும் மேசையில் பசை வாடைக்கும் பக்கத்தில் இருப்பவளின் இருமலுக்கும் நடுவே, நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பல்லை விலக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ருசியக்கா இப்பல்லாம் வாயே திறக்கறதில்ல" என்று யாரோ சொன்னார்கள். அது ஒருவகையில் உண்மைதான். ஆனால் காலையில் தாடை கல்லாக இல்லை; கண்ணாடியில் அந்தக் கோணல் கதவு ஏறக்குறைய நேராகத் திறந்தது. டக் ஓசை மட்டும் முழுதாகப் போகவில்லை. சில கடிக்கு வந்தது, சில கடிக்கு வரவில்லை. சோதனை நாள் நெருங்கியது. எப்போது பொய் சொல்லும் என்று தெரியாத சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழி, பயிற்சி செய்துகொண்டிருந்தபோது தானாகக் கிடைத்தது. மூட்டின்மேல் விரல் இருக்கும்போது 'டக்' வந்தால், கூடவே விரலுக்கடியில் ஒரு சின்னத் துள்ளல் தெரிந்தது. உடனே எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பிஸ்கட் உடைந்தபோது அந்தத் துள்ளல் இல்லை. ஓசையோடு விரல் துள்ளினால் அது தாடை. துள்ளாவிட்டால் அது பிஸ்கட்.

மாதக் கடைசியில் அதிகாரி கண்ணாடி அறையில் தட்டுகளை வரிசையாக வைத்தார். சில அன்றைக்கு வெந்தவை, சில திறந்து போட்டு நமுத்தவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். பேக்கிங் பெண்கள் கண்ணாடிக்கு வெளியே கூடினார்கள். ருசியக்கா காதில் பஞ்சு வைத்து, மாதிரியை இரண்டு பக்கமும் மென்று துப்பினாள். பிறகு வலக்கை நடுவிரலைக் காதுக்கு முன்னால் வைத்துக்கொண்டு முதல் தட்டிலிருந்து கடித்தாள்.

"என்ன, ரேடியோ கேக்கறீங்களா?" என்றார் அதிகாரி. வெளியே சிரித்தார்கள். பஞ்சின் தயவால் அவளுக்குச் சிரித்த வாய்கள் மட்டுமே தெரிந்தன. ஒருத்தி வாயில் எதையோ பாதி மென்று வைத்திருந்தாள்.

சரி. சரி. நமுத்துப்போச்சு. சரி. ஐந்தாவது தட்டில் 'டக்' என்று துல்லியமாக ஓர் ஓசை வந்தது. விரலுக்கடியில் மூட்டு துள்ளியது. அவள் அவசரப்படாமல் இடப்பக்கம் மாற்றி மென்றாள். ஓசையே இல்லை, களிமண்.

"நமுத்துப்போச்சு."

கடைசித் தட்டுவரை அப்படியே போயிற்று. அதிகாரி தாம் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். கண்ணாடிக்கு வெளியே யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் எல்லோரையும் வேலைக்கு விரட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி சரி. நாளையிலருந்து இங்கேயே உக்காருங்க." தூங்கினாள் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மேசைக்கு அடியில் அதே நீல வாளி இருந்தது. இத்தனை நாள் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்களோ, அவர்கள் அதைச் சரியாகக் கழுவவில்லை; அடியில் காய்ந்த கூழ் பொருக்காக ஒட்டியிருந்தது. அவள் அதைக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தட்டை அதற்கு மூடியாகப் போட்டாள். முதல் தட்டு வந்தது. பின்னாலேயே அதிகாரியும் வந்தார். ஒரு பிஸ்கட்டை உடைத்துத் தின்று, மீதியைத் தட்டில் போட்டு, விரலை நக்கி, அந்த விரலாலேயே இன்னொன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதைப் பாருங்க. லாரி நிக்குது, சீக்கிரம்."

அவள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தேடிப் போயின. தொடுமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு அண்ணத்துக்குப் போயிற்று, பற்கள் விலகின. பல்லைக் கடித்துக்கொள்வது இல்லையென்று ஆனபோது வாய்விட்டுச் சொல்வதுதான் மிச்சம் இருந்தது.

"இந்தத் தட்டு வேணாம் சார். வேற தட்டு கொண்டுவரச் சொல்லுங்க."

"ஏன், கடிக்காமலே நமுத்துப்போச்சா?"

"இல்ல சார். நீங்க தொட்டுட்டீங்க."

அவர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவள் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தட்டு திரும்பிப் போயிற்று.